போர் முடிந்து அவன் செங்கோட்டைக்குத் திரும்பும் அத்தியாயம்: உங்கள் வீட்டுக் கதைகள் தேவை

புளியரை வயல்காடு:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். காதல் கதைதான், ஆனால் நடப்பது 1940க்கும் 1945க்கும் நடுவில், பாதி எங்கள் புளியரையிலும் செங்கோட்டையிலும், மீதி மலாயாவில். செண்பகம் என்று ஒரு பெண். அவளுக்குப் பேசி வைத்திருப்பது அத்தை மகன் சுடலைமுத்துவை. 1940இல் கங்காணி ஒருவர் ஆள் பிடிக்க வருகிறார், அவரோடு இவன் ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகிறான். ரெண்டு வருடம் சம்பாதித்துவிட்டு வந்து கல்யாணம் என்று பேச்சு. அதற்குள் ஜப்பான்காரன் வந்துவிடுகிறான். சயாமில் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட இவனைக் கொண்டுபோகிறார்கள், உயிர் பிழைத்து, 1945 ஆகஸ்டில் போர் முடிந்ததும் ஊருக்கு வருகிறான்.

மலாயாப் பகுதியை எழுதி முடித்துவிட்டேன், கிட்டத்தட்ட 200 பக்கம். திரும்பி வரும் அத்தியாயத்தைத்தான் ஒன்பது தடவை எழுதிக் கிழித்திருக்கிறேன். இப்போது இருப்பது இதுதான்: ஆரியங்காவு மலையைக் குடைந்த குகைக்குள்ளிருந்து ரயில் புகையோடு வெளியே வருகிறது, பகவதிபுரம் ஸ்டேஷனில் செண்பகம் நிற்கிறாள், அவன் இறங்குகிறான், ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "அந்தக் காலத்துல ரயிலடியில வச்சு எந்தப் பிள்ள இப்படிச் செய்யும்? செஞ்சிருந்தா ஊருக்குள்ள எப்படி நடந்து வந்திருப்பா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது, தாத்தா பாட்டி காலத்தில் மலாயா, பர்மா போய்த் திரும்பியவர்கள் வீட்டில் இருந்திருந்தால், அந்தத் திரும்பி வருதல் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். தகவல் பிழை இருந்தாலும் சொல்லுங்கள், தப்பாக நினைக்க மாட்டேன்.

மீட்டர்கேஜ்:

தம்பி, நல்ல களத்தை எடுத்திருக்கிறீர்கள். எனக்குச் சொந்த ஊர் தென்காசி, அப்பா ரயில்வேயில் இருந்தவர். தகவலுக்கு நான் பொறுப்பு, கதைக்கு மற்றவர்கள் வரட்டும்.

முதலில் அவன் போன விதம். 1938 ஜூனிலேயே மலாயாவுக்குக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. ரப்பர் விலை விழுந்து அங்கே கூலியைக் குறைத்தார்கள், அதற்குப் பதிலாக இங்கே தடை போட்டார்கள். ஆகவே 1940இல் கங்காணி வந்து தோட்டத்து வேலைக்கென்று ஊரில் ஆள் பிடித்துப் போக முடியாது. அவனை 1937இல் அனுப்புங்கள். அல்லது 1940இலேயே போகட்டும், ஆனால் கூலியாக இல்லாமல், நாலெழுத்து படித்தவனாக, சொந்தக்காசில் டிக்கெட் எடுத்து, தோட்டத்துக் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவனாக. 1937 என்றால் பிரிவு எட்டு ஒன்பது வருடம் ஆகிவிடும். அது கதைக்குக் கனம்தான் என்று தோன்றுகிறது.

அடுத்து கடிதம். சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. அதற்கப்புறம் மலாயாவிலிருந்து தோட்டத்துச் சனம் ஊருக்குக் கடிதம் போட வழியே இல்லை, மணியார்டரும் நின்றுபோனது. சயாம் பாதை வேலை 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது, 415 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) சம்பளம் என்று சொல்லித் தோட்டத்துத் தமிழர்களை ஏற்றிப்போனார்கள், வராதவர்களைப் பிடித்தும் போனார்கள். காலரா, பட்டினி, கால் புண். அங்கே செத்த வெள்ளைக்காரக் கைதிகள் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம், அவர்களுக்குக் கல்லறை இருக்கிறது, பேர் இருக்கிறது. செத்த தமிழரும் மலாய்க்காரரும் பர்மியரும் அதைப்போலப் பல மடங்கு, தொண்ணூறாயிரம் என்பார்கள், அவர்களுக்குப் பேர் எழுதி வைத்தவர் கிடையாது. அதனால் செத்தவன் வீட்டுக்கும் பிழைத்தவன் வீட்டுக்கும் வந்து சேர்ந்த செய்தி ஒன்றேதான்: எதுவுமே வரவில்லை. செண்பகம் காத்திருந்தது எந்த நிச்சயமும் இல்லாமல் என்பதை வாசகர் உணரணும்.

1945 ஆகஸ்டில் அவன் வரவே முடியாது. ஜப்பான் சரண் அடைந்தது ஆகஸ்ட் 15, சிங்கப்பூரில் கையெழுத்துப் போட்டது செப்டம்பர் 12. சயாம் முகாமில் கிடந்த கூலிகள் முதலில் மலாயாவுக்கே திரும்ப வேண்டும், அதற்கே மாதக்கணக்கு ஆனது. அப்புறம் கப்பல். படைக்கும் கைதிகளுக்கும் போக மீந்த இடம்தான் சனங்களுக்கு. கையில் காசும் இருக்காது, ஏனென்றால் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமரம் போட்ட நோட்டு எல்லாம் ஒரே நாளில் வெறும் காகிதம். 1946 நடுவில் வந்து சேர்ந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், பொருந்தும். ஆக, ஆளுக்கு முன்னால் கடிதம் வரும். உங்கள் கதையில் இரண்டு பேரும் சேர்கிற இடம் அந்தக் கடிதத்திலேயே தொடங்கிவிடுகிறது, ரயிலில் இல்லை.

கடிதத்திலும் ஒரு விஷயம். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. திருவிதாங்கூருக்குச் சொந்தமாக 'அஞ்சல்' இருந்தது, 1951இல்தான் இந்தியத் தபாலோடு சேர்த்தார்கள். அஞ்சல்காரர் கொண்டுவருவது ராஜ்யத்துக்குள் போட்ட கடிதத்தை. மலாயாக் கடிதம் பிரிட்டிஷ் இந்தியத் தபால் வழியாகத்தான் வரும். அதனால் அஞ்சல்காரர் தெருவில் வந்தால் செண்பகம் வாசலுக்கு ஓட வேண்டியதில்லை, இன்னொருவர் வந்தால்தான். இதெல்லாம் அவளுக்கு உடம்பிலேயே பதிந்து போயிருக்கும். காசும் அப்படித்தான், இங்கே சக்கரம், 28 சக்கரம் எட்டுக் காசு கொடுத்தால் ஒரு பிரிட்டிஷ் ரூபாய். நான்கு கல் கிழக்கே போனால் தென்காசியில் அணா.

கடைசியாக உங்கள் குகை. நாகப்பட்டினத்திலோ மெட்ராஸிலோ இறங்கியவன் மதுரை, விருதுநகர், தென்காசி வழியாகக் கிழக்கிலிருந்து வருகிறான். குகை இருப்பது பகவதிபுரத்துக்கு மேற்கே, ஆரியங்காவு போகிற வழியில். அவன் வருகிற வண்டி குகையைப் பார்க்கும் முன்னாலேயே அவன் இறங்கிவிடுவான். செங்கோட்டையில் வண்டி ரொம்ப நேரம் நிற்கும், மலை ஏறுவதற்காக வண்டிக்குப் பின்னால் இன்னொரு எஞ்சின் மாட்ட வேண்டும். அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள்.

பதிமூணு கண் பாலம்:

மீட்டர்கேஜ் அண்ணன் சொன்னதற்கு மேல் தகவலாக எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இப்போது புனலூரில் இருக்கிறோம், ஆச்சி ஊர் செங்கோட்டைக்குப் பக்கம். பேர் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் பூ வைத்து உறுதி செய்தபோது ஆச்சிக்குப் பதினைந்து வயது. ரெண்டு பேரும் சின்னதிலிருந்தே ஒரே தெரு, ஒரே கிணறு, அதனால் யாரும் சொல்லித்தான் பிரியம் வர வேண்டும் என்று இல்லை. தாத்தா மலாயா போனார். கடைசிக் கடிதம் 1941 தீபாவளிக்கு. அதற்கப்புறம் நாலு வருடம் ஒன்றுமில்லை.

புளியரைத் தம்பி, நீங்கள் மலாயாவைப் பற்றி 200 பக்கம் எழுதியதாகச் சொன்னீர்கள். செண்பகத்தைப் பற்றி எத்தனை பக்கம் என்று நீங்கள் சொல்லவில்லை. அந்த நாலு வருடத்தில் ஆச்சி ஜன்னலோரம் உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கவில்லை. அவளுக்கும் ஒரு போர் இருந்தது, அது அரிசிக்கான போர். திருவிதாங்கூரில் விளைந்த நெல் திருவிதாங்கூருக்கே காணாது, பர்மா அரிசி வந்துதான் அடுப்பு எரிந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது, அரிசிக் கப்பல் நின்றது. கடையில் அரிசி இல்லை, இருந்தால் காசு இல்லை, அப்புறம் ரேஷன், அதிலும் கல்லும் குறுநொய்யும். ஆச்சி வீட்டில் ஆறு பேர். இருட்டில் கிழக்கே நடந்து போய், தெரிந்தவர்கள் வீட்டில் கொஞ்சம் நெல் வாங்கி, மடியில் கட்டிக்கொண்டு, எல்லைச் சாவடிக்காரர்கள் கண்ணில் படாமல் வயல் வரப்பு வழியாகத் திரும்பி வந்திருக்கிறாள். ஒரு தடவை பிடித்து, நெல்லைப் பிடுங்கி அனுப்பினார்களாம். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை, ஆனால் அந்த நெல் போனதை எண்பது வயதிலும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாள். வீட்டில் எல்லாரையும் உயிரோடு வைத்தது மரச்சீனிதான், மரவள்ளிக் கிழங்கு. காலையில் மரச்சீனி, ராத்திரி மரச்சீனி, காந்தாரி மிளகாய் இருந்தால் அதைத் தொட்டுக்கொள்ள, இல்லாவிட்டால் உப்பு.

நடுவில் இன்னொரு கஷ்டம். 1944 வாக்கில் வேறு மாப்பிள்ளை பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பையன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது, பெண்ணுக்கு இருபது தாண்டுகிறது. ஆச்சி மாட்டேன் என்று சொல்லவில்லை. "அவுக செத்துட்டாகன்னு யாராவது வந்து சொல்லட்டும், அன்னைக்கு நான் கட்டிக்கிடுதேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். சொல்ல யாரும் வரவில்லை. தாத்தா இன்னும் தாலியே கட்டாதவள் அவள், அதனால் விதவை என்றும் அவளை ஒதுக்க முடியாது, சுமங்கலி என்று கூப்பிடவும் முடியாது. கல்யாண வீடுகளுக்குப் போவதை அவளாகவே நிறுத்திக்கொண்டாள்.

தாத்தா வந்தது சாரல் காலத்தில். கடிதம் ஏற்கெனவே வந்திருந்தது, எழுதப் படிக்கத் தெரிந்த மாமா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து எல்லார் முன்னாலும் அதைச் சத்தமாகப் படித்தார். அதில் ஆச்சிக்கென்று ஒரு வரிகூட இல்லை, எப்படி இருக்கும், மாமாதான் படிப்பார் என்று தாத்தாவுக்குத் தெரியுமே. ஆனால் கடைசியில் 'கிணற்றடி முருங்கை இருக்கிறதா' என்று கேட்டு எழுதியிருந்தார். அது தனக்கு என்று ஆச்சிக்குத் தெரியும்.

வந்த அன்றைக்கு ஊரே கூடிவிட்டது. ஆச்சி முன்னால் வரவே இல்லை, அடுக்களையில் இருந்தாள். ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தது மரச்சீனிதான், அவித்து இலையில் வைத்துக்கொண்டுவந்து கொடுத்தாள். தாத்தா அதைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தவே இல்லையாம். ஆச்சிக்குக் கோபம், வெளிநாடு போய்வந்தவருக்கு இந்தக் கிழங்கு கேவலமாகப் போய்விட்டது என்று. அப்புறம்தான் அவர் சொன்னார், ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலும் அரிசி கிடையாது, மூணரை வருடமும் மரவள்ளி, சயாமில் அது கிடைத்த நாள் நல்ல நாள் என்று. ஆச்சி, "நானுந்தான்" என்றாள். ஒன்பது வருடத்துக்கு அப்புறம் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

இதை ஆச்சி என்னிடம் சொன்னபோது வெட்கப்பட்டாள். கட்டிப்பிடித்ததைச் சொல்வதற்கு வெட்கப்படுவார்களே, அந்த மாதிரி.

பாலக்காட்டான்:

நான் சித்தூர்ப் பக்கம் (எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்). எங்கள் பெரியதாத்தா போனது பட்டாளத்துக்கு, சிங்கப்பூரில் பிடிபட்டு நேதாஜி படையில் சேர்ந்தவர். உங்கள் ஆள் சிப்பாயாக இருந்தால் வழி வேறு: ரங்கூனில் பிரிட்டிஷார் பிடித்து, வங்காளத்தில் ஜிகர்கச்சா, நீல்கஞ்ச் முகாம்களில் வைத்து விசாரித்து, வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று ரகம் பிரித்தார்கள். கறுப்பு என்றால் சம்பளப் பாக்கி கிடைக்காது, பென்ஷன் இல்லை, வேலையும் இல்லை. பெரியதாத்தா கறுப்பு. மாலை போட்டு வரவேற்றார்கள் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள், அது உண்மைதான், செங்கோட்டை விசாரணை நடந்த நேரம் (டெல்லிச் செங்கோட்டை, உங்கள் ஊர் இல்லை), நாடே கொதித்துக்கொண்டிருந்தது. மாலை வாடிய மறுநாள் சாப்பாட்டுக்கு என்ன செய்தார் என்பதைப் பெரியபாட்டிதான் சொல்வார். அவர் அந்த நாட்களில் பாய் முடைந்து குடும்பத்தை ஓட்டியவர். பதிமூணு கண் அக்கா சொன்னது எங்கள் வீட்டுக்கும் பொருந்துகிறது.

குற்றாலச் சாரல்:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. ரயிலடிக் காட்சியை எடுத்துவிட வேண்டாம். காதல் கதை படிக்கிறவள் நான், பிரிந்தவர்கள் சேரும் இடத்துக்காகத்தான் 300 பக்கம் பொறுமையாகப் படிக்கிறோம், அதை அடுக்களையில் ஒரு வார்த்தையோடு முடித்தால் மனசு நிறையாது. கட்டிப்பிடிக்க வேண்டாம், சரி. ஆனால் அவள் அவனைப் பார்க்கட்டும், அவன் அவளைப் பார்க்கட்டும், வாசகருக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள். எஞ்சின் மாட்டுகிற நேரம் வண்டி நிற்கும் என்று மீட்டர்கேஜ் சார் சொன்னாரே, அந்த நேரத்தில் அவன் இறங்கலாமா வேண்டாமா என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தால்? புண்ணாய்ப்போன காலோடு, வெறுங்கையோடு, இன்னொருத்தனுக்கு மனைவியாகியிருப்பாளோ என்ற பயத்தோடு. எனக்கு அதைப் படிக்க வேண்டும்.

புளியரை வயல்காடு:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அக்கா கேட்டதும் போய் எண்ணிப் பார்த்தேன். அவன் போனதிலிருந்து வருகிற வரைக்கும் செண்பகம் வரும் பக்கங்கள் பதினொன்று. அதில் ஏழில் அவள் அழுகிறாள். படிக்க எனக்கே வெட்கமாக இருந்தது, என் ஊர்ப் பெண்ணை நான் இப்படியா எழுதியிருக்கிறேன் என்று.

இப்படி யோசிக்கிறேன். அவன் 1937இல் போகிறான். நாவலை மாற்றி மாற்றிச் சொல்வேன், ஒரு அத்தியாயம் மலாயா, ஒரு அத்தியாயம் புளியரை. சயாமில் காலரா வருகிற அதே மாதத்தில் இங்கே அவள் வரப்பில் நெல்லோடு நடக்கிறாள். அவர்களுக்கு ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாது, வாசகருக்கு இருவரையும் தெரியும்.

திரும்பி வருவது 1946 ஆனியில், கொல்லம் ஆண்டு 1121 முடியப் போகிற நேரம். சாரல் அடிக்கிறது. செங்கோட்டையில் வண்டி நிற்கும்போது அவன் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான், சாரல் அக்கா சொன்ன மாதிரி. பின் எஞ்சின் மாட்டி, விசில் ஊதி, நகர ஆரம்பித்த பிறகு குதித்து இறங்குகிறான். பகவதிபுரம் வரை டிக்கெட் இருந்தும் செங்கோட்டையிலேயே இறங்கிப் புளியரைக்கு நடக்கிறான், வீடு சீக்கிரம் வந்துவிடக் கூடாது என்று. எங்கள் வயலில் கார் பருவ நடவு. இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து நடுகிறார்கள், முதுகு மட்டும் தெரிகிறது, எல்லார் தலையிலும் மழைக்குக் கொங்காணி. அவனுக்கு யார் என்று அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டு வரப்பில் நிற்கிறான். குலவைச் சத்தம் நிற்கிறது, யாரோ ஒரு ஆள் நிற்பதை முதலில் பார்த்தது வேறொரு பெண். செண்பகம் நிமிர்ந்து பார்க்கிறாள், பார்த்துவிட்டு, கையில் இருக்கிற நாற்று முடியை நட்டு முடிக்கிறாள். நட்டு முடித்த பிறகுதான் கரையேறுகிறாள். சரியா இது? எங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு தடவை படி என்றார்.

அக்கா, ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஆச்சி வீட்டு மரச்சீனி இலையை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த 'நானுந்தான்' என்ற ஒரு சொல்லை மட்டும் செண்பகத்துக்குத் தருவீர்களா?

மீட்டர்கேஜ்:

டிக்கெட் பாக்கி தூரத்தை விட்டுவிட்டு இறங்குவது நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம்: பின் எஞ்சினோடு மலை ஏறுகிற வண்டி மெதுவாகத்தான் நகரும், கால் புண் உள்ளவனும் இறங்கிவிடலாம். ஆகவே 'குதித்து' வேண்டாம், 'இறங்கி' போதும்.

பதிமூணு கண் பாலம்:

எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, இலையையும் சேர்த்து. ஆச்சி இருந்தால் அவளே கொடுத்திருப்பாள். தாத்தா திரும்பி வந்தது திருவிதாங்கூருக்கு, 1956 நவம்பரில் தாலுகாவைப் பிரித்துத் தமிழகத்தோடு சேர்த்தார்கள், அதே வீட்டில் இருந்தபடியே ரெண்டு பேரும் தமிழ்நாட்டுக்காரர்களாக ஆகி, முப்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்து போனார்கள்.

நடவு முடித்துவிட்டுக் கரையேறுவது ஆச்சி செய்யக்கூடியதுதான். இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ராத்திரி மரச்சீனி சாப்பிட்ட பிறகு ஆச்சி விடியற்காலையில் பின்வாசல் வழியாகப் போய்ப் பக்கத்து வீட்டில் ரெண்டு நாழி அரிசி கடன் கேட்டாள். அவர்கள் வீட்டிலும் அவ்வளவுதான் இருந்தது, கொடுத்தார்கள். சோறு வடித்து, அவருக்குப் போட்டு, அவர் சாப்பிடுவதைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். அந்த ரெண்டு நாழியைத் திருப்பிக் கொடுக்க ஐப்பசி அறுப்பு வரைக்கும் ஆனது.